பக்கத்துத் தடம்

பதினைந்து மீட்டர்.
இருபது கைப்பிடி, பதினொரு கால்பிடி.
ஜகார்த்தாவிலும் அதே சுவர், சாமோனியிலும் அதே சுவர்,
கரகண்டாவில், பழைய மாவு ஆலைக்குள்
உடைந்த கண்ணாடி வழியே பனி விழும் நம் கூடத்திலும்
ஓர் ஆணிகூட இடம் மாறாத
அதே சிவப்புப் பிடிகள்.
உலகத்தைச் சுற்றினோம், ஷோல்பான்,
ஒரே ஏணியில் ஏறுவதற்கு.

பதினோரு வருடம் உன் பக்கத்துத் தடம் எனக்கு.
ஓட்டத்தில் உன் முகத்தைப் பார்த்ததே இல்லை.
தெரிந்ததெல்லாம் சத்தம்தான்:
ஏழாவது பிடியில் பல்லிடுக்கில் ஒரு சீறல்,
கடைசித் தாவலில் பலகை அதிரும் ஒரு மிதி,
பிறகு உச்சியில் உள்ளங்கை அறையும் டப்.
அந்த டப் கேட்கும்போதெல்லாம்
எனக்கு இன்னும் இரண்டு பிடி பாக்கி.

இறக்கை முளைத்தவள் என்று எழுதினார்கள்.
நான் பார்த்தவள்
ஹோட்டல் குளியலறையில் உட்கார்ந்து
விரல்நுனித் தடிப்பை உப்புத்தாளால் தேய்த்தவள்.
போட்டிக்கு முந்தின வாரம்
அம்மா கொடுத்தனுப்பிய பாலாடை உருண்டைகளை
என் பைக்குள் திணித்துவிட்டு
இரவு முழுக்க அந்தப் பையையே பார்த்தவள்.
நாலாவது பிடியைத் தொடாமல் தாண்ட
மூன்று குளிர்காலம் செலவழித்தாய்.
மிச்சமானது கால் நொடி.

விமானம் தாமதமான ஒரு நாள்
பயணச்சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டாய்.
நானூறு ஓட்டம், ஏழேழு நொடி:
நாற்பத்தாறு நிமிடம், நாற்பது நொடி.
"இவ்வளவுதானா நான்?
இதற்குள் எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிகூட வேகாது."
பக்கத்து இருக்கைக்காரர் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தோம்.

பிறகு அந்த இறுதிப் போட்டி.
பீப். பீப். மூன்றாவது பீப்.
காது கேட்டு, மூளை சொல்லி, கால் தள்ள
மனிதருக்குப் பத்தில் ஒரு நொடி வேண்டும் என்பது விதி.
உனக்கு அதைவிட ஆயிரத்தில் மூன்று பங்கு குறைவாகப் போதுமானதாக இருந்தது.
கேட்பதற்கு முன்பே புறப்பட்டாள் என்று தீர்ப்பு.
சிவப்பு விளக்கு எரிந்தபோது நீ ஐந்தாவது பிடியில்.
நான் இரண்டாவதில்.
நடுவர் கை என் பக்கம் நீண்டது.

தங்கம், ஷோல்பான்.
உன்னிடம் பன்னிரண்டு முறை தோற்றவளுக்கு
மூன்றடி உயரத்தில் கிடைத்தது.
கூட்டம் யாருக்குக் கை தட்டுவதென்று தெரியாமல் தட்டியது.

கயிறு உன்னை மெல்ல இறக்கியது.
இறங்க ஆகும் நேரத்தை யாரும் அளப்பதில்லை.
எப்போதும் சுவரைப் பார்த்தபடி இறங்குபவள்
அன்று என் பக்கம் திரும்பினாய்.
"நாலாவதைத் தாண்டினேனே, பார்த்தாயா?"
பார்த்தேன் என்றேன்.
பார்க்கவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

பதக்கம் என் மேஜை இழுப்பறையில்,
பழைய திருகாணிகளோடு கிடக்கிறது.
நீ கேட்டதில்லை, நான் காட்டியதில்லை.

இப்போது அல்மாட்டியில், உன் தோள்பட்டை அறுவைக்குப் பின்,
வியாழக்கிழமைகளில் சந்தைக்குச் சேர்ந்து நடக்கிறோம்.
சாலை கடக்கும் விளக்கு பச்சையாகிப் பீப் என்கிறது.
பள்ளிப் பிள்ளைகள் கடக்கிறார்கள்,
தள்ளுவண்டிக்காரன் கடக்கிறான்,
ஊன்றுகோல் கிழவர்கூடக் கடந்துவிடுகிறார்.
நீ மட்டும்
அந்தச் சத்தம் உண்மையிலேயே வந்துவிட்டதா என்று
இன்னொரு முறை காத்திருக்கிறாய்.

பக்கத்தில் நானும் நிற்கிறேன்,
கையில் முட்டைக்கோஸ் பை.