பூஜ்யம் மேலே இருக்கிறது

திரையில் பூஜ்யம் மேலே இருக்கிறது.
இடது ஓரம், உச்சி மூலை.
அங்கிருந்து எண்கள் கீழே இறங்குகின்றன
கூரை ஒழுகுவதைப் போல.
முதல் தடவை நான் எழுதிய முப்பத்தொரு செவ்வகங்களும்
வௌவால்களாய்த் தொங்கின.
எங்கள் தெருவில் தண்ணீர் அப்படி வரவில்லை.
கக்கூஸ் வழியாக வந்தது.

ஆகவே கழித்தேன்,
படத்தின் உயரத்திலிருந்து வீட்டு வெள்ளத்தின் உயரத்தை.
ஒரே ஒரு கழித்தல் குறி.
முப்பத்தொரு வீடும் தரையில் கால் ஊன்றின.

அளவு எல்லாம் நானே எடுத்தது.
டெய்லர் நசீமாவின் இஞ்ச் டேப். அதில் அறுபதுதான்.
டில்லிபாபு வீட்டில்
இரண்டாம் முறை வைக்க வேண்டியிருந்தது.
சுவரில் எண்ணெய் விட்டுப்போன கறுப்புக் கோடு
ரசமட்டம் பார்த்து இழுத்தது போல இருந்தது.
எந்தக் கொத்தனாரும் எங்களுக்கு
அவ்வளவு நேராக எதையும் கட்டித் தந்ததில்லை.

தலைப்பில் கொருக்குப்பேட்டையின்
கொம்பு தனியே, கால் தனியே நின்றது.
எழுத்துருவை மாற்றினேன்.
அடியில் பெயர்கள் இடித்தன,
கஜலட்சுமி மேல் கமலநாதன், கமலநாதன் மேல் ஏகவல்லி,
காலைக் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினதுபோல்.
நாற்பத்தைந்து டிகிரி சாய்த்தேன்.
அப்போதும் ஏகவல்லியில் 'வல்லி' வெட்டுப்பட்டது.
கீழ் விளிம்பை எண்பது ஆக்கினேன், நூறு, நூற்றிருபது.
பிறகுதான் முழுசாய் நின்றாள்.

கடன் வாங்கிய நிரலில் நிறம் நீலம் என்றிருந்தது.
நீலமாம்.
அன்று போனில் பிடித்த படத்தில்
சொட்டுக்குழாய் வைத்து உறிஞ்சினேன்:
சிவப்பு ஐம்பத்தொன்பது, பச்சை நாற்பத்தாறு,
நீலம் முப்பது.
முப்பது இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

"என் கம்பத்த இன்னும் ரெண்டு இஞ்ச் ஏத்துடா."
"எழுபத்தொண்ணுதான்ணே."
"அப்போ கஜாவோடத கொறச்சுக் காட்டு."

பதினேழாவது தேசப்பன்.
தகரச் சுவர். தகரத்தோடு போயிற்று,
கோடு விழுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.
அட்டவணையில் அவர் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
நிரல் வெறுமையைப் பூஜ்யம் என்று படித்தது.
படத்தில்
தெருவிலேயே நனையாத ஒரே ஆள் தேசப்பன்.

ராத்திரி இரண்டு மணிக்கு,
ஓடாத வாஷிங் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்து
ஓர் 'இல்லையென்றால்' எழுதினேன்:
மதிப்பு இல்லையென்றால்
நிறம் நிரப்பாதே, புள்ளிக்கோட்டால் வரை,
இரண்டு பக்கமும் உச்சிவரை கொண்டு போ,
மேல்கோடு போடாதே.

கடைசியாக அசைவு சேர்த்தேன்.
பக்கம் திறந்ததும் கம்பங்கள்
பூஜ்யத்திலிருந்து எழும், எண்ணூறு மில்லிநொடி,
முடிவில் கொஞ்சம் தயங்கி நிற்கும்.
அழகாயிருந்தது.
இரண்டு மூன்று முறை சும்மாவே திறந்து பார்த்தேன்.

ரயில்வே கேட் போட்டிருந்தார்கள்.
டேங்கர் கூட்ஸ் ஒன்று முடியவே முடியாமல் போய்க்கொண்டிருந்தது.
பக்கத்தில் ஏகவல்லி, கையில் மீன் கூடை.
போனை நீட்டினேன்.
எழுந்தன.

அவள் பாதத்தைத் தூக்கிக்கொண்டாள்.
காய்ந்த தார் ரோட்டில், நின்ற இடத்தில்,
முதலில் ஒரு கால், பிறகு அடுத்ததன் குதிகால்.
"நிறுத்து" என்றாள்.
"எங்க வூடு எதுன்னு பேர் பார்க்கறதுக்குள்ள
ஏறிடுச்சுப்பா."

கேட் திறந்து, பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

இப்போது அந்த வரியில் நேரம் பூஜ்யம்.
நாளை மண்டல அலுவலகத்தில்
உதவிப் பொறியாளர் திறக்கும்போதே
தண்ணீர் நின்றிருக்கும்.
விரல் வைத்தால் ஒரு சின்னப் பெட்டி வரும்,
பெயர், கதவு எண், அங்குலம்.
தேசப்பன் மேல் வைத்தால்
அவருடைய போன் நம்பர்.