ஒன்று, ஐந்து, மூன்று

கோட்டைவாசல் டீக்கடையில்
இன்றைக்கும் கேட்கலாம் அதன் புகழை.
ஆறு சிலிண்டர். அந்தக் காலத்திலேயே ஆறு.
பஸ்கள் நாலில் இருமிக்கொண்டு ஏறியபோது
கூரை இல்லாமல், இரண்டு பேரும் ஒரு குடையுமாய்
புளியரை ஏற்றத்தை
கியர் மாற்றாமல் விழுங்கிய வண்டி.

சொல்வார்கள்:
தேயிலைத் துரை ஒருவர் கொல்லத்தில் கப்பலிலிருந்து
மரப்பெட்டியோடு இறக்கினார் என்று.
அதே துரை மூன்றாம் வளைவில்
தொப்பியை மட்டும் பள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு
சீமை போய்ச் சேர்ந்தார் என்று.
புனலூர் டாக்டர் குரியாக்கோஸ் அதில் புறப்பட்டால்
அவர் வந்து சேருமுன், சத்தம் கேட்டே
பிள்ளை பிறந்துவிடுமாம்.
பிறகு மீராக்கனி ராவுத்தர், மரக்கடை.
ஏலத்தில் எழுநூறு ரூபாய்க்கு எடுத்தார்.
இல்லை, ஒரு ஜோடி தந்தத்துக்கு.
தந்தம் என்று சொன்னவன் அன்று நிதானத்தில் இல்லை.

எனக்குத் தெரிந்த சரித்திரம் குறைவு.
ஐம்பத்தாறு நவம்பரில் ஒரு காலை
செங்கோட்டையில் நின்ற இடத்தில் நின்றபடி
சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றாமல்
அது மாநிலம் மாறியது.
எல்லைதான் அதைக் கடந்து போனது.
திருவாங்கூர்த் தகட்டைக் கழற்றும்போது
ராவுத்தர் சொன்னாராம்,
'இனி இவ அசலூர்க்காரி.'

மதுவிலக்கு நாளில்
டேங்குக்குள் இரண்டு அறை என்றொரு பேச்சு.
வெட்டிப் பார்த்தேன். ஒரே அறை.
கொஞ்சம் துரு. செத்த குளவி ஒன்று.

பழைய வண்டி சேர்க்கும் கொச்சிக்காரர் தரியன்
'ஆறும் ஓடணும்' என்று முன்பணம் வைத்துப் போனார்.
ஆனி மாதச் சாரல், ஷெட்டுத் தகரத்தில்.
ஹெட்டைக் கழற்றினேன்.
கரி அப்பிய ஐந்து பிஸ்டன்.
ஆறாவது துளையில் டார்ச் அடித்தால்
வெளிச்சம் தடையில்லாமல் அடிவரை போனது.
பிஸ்டன் இல்லை. ராடு இல்லை.
கிராங்கில் அது பிடித்திருந்த இடத்தைச் சுற்றி
எண்ணெய் சிந்தாமல் இருக்க
எருமைத்தோல் வார், இறுக்கி மூன்று சுற்று.
செருப்புத் தைத்த கை. தையல் அப்படியே இருந்தது.
மேலே ஆறாவது பிளக், ஒயரோடு, ஒழுங்காய்,
பந்தியில் உட்காராமல்
வேட்டி மடிப்புக் கலையாமல் நிற்கும் சித்தப்பா போல.

எந்த வருஷம் ஒடிந்ததோ.
யுத்த காலத்தில் உதிரி கேட்டு யாருக்கு எழுதுவது?

அது எரியும் வரிசை:
ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு.
கணவாய் கேட்டது:
ஒன்று, ஐந்து, மூன்று,
               இரண்டு, நான்கு.
அந்த நொண்டல்தான்
பாறையில் மோதித் திரும்பி
மலை முழுக்கப் பேர் வாங்கியிருக்கிறது.
'ஆறு சிலிண்டர்னா அப்படித்தான் பேசும்'
என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

கோயம்புத்தூரில் பிஸ்டன் வார்த்தார்கள்.
ராடு இரண்டு தடவை அளவு தப்பியது.
எட்டு மாதம் கழித்து ஆறும் எரிந்தபோது
தையல் மிஷின் மாதிரி இருந்தது.
எஞ்சின் மேல் நட்டமாய் நிறுத்திய ஒரு ரூபாய்
விழவே இல்லை.

சோதனைக்கு மலை ஏற்றினேன்.
கோட்டைவாசலில் மெதுவாய்ப் போனேன், பார்க்கட்டும் என்று.
டீ ஆற்றிக்கொண்டிருந்த பாஸ்கரன் பிள்ளை
நிமிரவில்லை.
திரும்பி வந்து ஹார்ன் அடித்தேன்.
வண்டியைப் பார்த்தார். என்னையும்.
'கொள்ளாம். பக்ஷே, அந்த வண்டி இதல்ல.'

இரவு பில் எழுதினேன்.
பிஸ்டன் ஒன்று. ராடு ஒன்று. ரிங்கு. கூலி.
கடைசி வரியில்
'சத்தம் எடுத்தது' என்று எழுதி
எதிரே தொகை போடாமல் விட்டேன்.
எழுத்துப் பிழை என்று தரியன் நினைத்திருப்பார்.
மீதிக்குச் செக் கொடுத்தார்.