ஒன்பதே முக்காலுக்கு ஒரு செடி

வீடு கட்டி மிஞ்சியது
கேட்டிலிருந்து சமையலறை ஜன்னல் வரை
நாலடி அகலத்தில் ஒரு துண்டு மண்.
வங்கிக்காரர் அளக்காமல் விட்ட ஒரே இடம்.

செட்டிச்சாவடிப் பக்கம் எங்கே தோண்டினாலும் வெள்ளை.
கல் லாரி ஒன்று போனால் போதும்,
கொடியில் காயும் கறுப்புச் சேலை
சாம்பல் பூத்துவிடும்.
அந்த மண்ணில் ஒரு பிடியை
பிஸ்கட் டப்பாவில் மூடி எடுத்துக்கொண்டு
செவ்வாய்க்கிழமை, என் வார விடுப்பில்,
ஸ்கூட்டரில் இருபது வளைவு ஏறினோம்.

ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில் ரெஜினாவின் நர்சரி.
ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு
டப்பாவை முகர்ந்தாள்.
எலுமிச்சை மூடி ஒன்றைப் பிழிந்தாள்.
நுரைத்தது.
"அக்கா, இதுல பாதி மண்ணு,
பாதி உங்க வீடு."

நான் ஹைட்ரேஞ்சியாவின் முன்னால் நின்றிருந்தேன்.
குழந்தைத் தலை அளவு நீலம்.
"அது இங்கதான் நீலம்.
உங்க சுண்ணாம்புல ரோஸாயிடும்.
அதுகூடப் பரவால்ல,
சித்திரையில போயே போயிடும்."

இட்லிப்பூ, காகிதப்பூ, தங்க அரளி,
பெயர் வாயில் நுழையாத ஒரு மஞ்சள்.
ஒவ்வொன்றின் முன்பும் நின்று கேட்டேன்.
தண்ணி எவ்வளவு செலவாகும்?
எம்மாம் பெரிசாகும்?
வேர் சுவத்த ஏதும் பண்ணுமா?
பூச்சி கீச்சி வருமா?
கேட்கக் கேட்க
வேறு யாருடைய குரலோ என் வாயில்.

அஸ்தம்பட்டியில் மூன்று, அம்மாப்பேட்டையில் இரண்டு,
பதினான்கு வருடத்தில் ஐந்து வாடகை வீடுகள்.
மொத்தம் எத்தன பேரு?
விருந்தாளி நெறைய வருவாங்களா?
சுவத்துல ஆணி அடிப்பீங்களா?
மோட்டார் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்.
கடைசி வீட்டு அம்மாள்
என் ஒரே தொட்டி ரோஜாவைக் காட்டி
"இது உங்க தண்ணிக் கணக்கா,
எங்க தண்ணிக் கணக்கா?" என்றார்.

அங்கமுத்துவுக்கு இந்தக் குழப்பமே இல்லை.
"அரளி வெச்சிடலாம்.
பனமரத்துப்பட்டி மாமன் தோட்டத்துல
குச்சி சும்மா கெடைக்கும்.
பைபாஸ் நடுவுல தண்ணியில்லாம நிக்குது பாரு."
எனக்கு பைபாஸ் நடுவில்
குடியிருக்க விருப்பமில்லை.

ரெஜினா சிரித்தாள்.
"நீங்களே கேட்டுட்டு இருக்கீங்களே,
அதுங்களும் கேக்கும்ல?
நீங்க எப்ப வீட்ல இருப்பீங்க?"

ஜவுளிக்கடை, இரண்டாம் மாடி, பட்டுப் பிரிவு.
காலை ஒன்பதரைக்கு நின்றால்
இரவு ஒன்பதுக்கு இறங்கி, பஸ் பிடித்து
கேட்டைத் திறக்க ஒன்பதே முக்கால்.
செம்பருத்தி அதற்குள் சுருண்டிருக்கும்.
சிவப்பு இருட்டில் கறுப்பு.
நீலமும்தான்.
பகலெல்லாம் யார் யாருக்கோ
நிறம் விரித்துக் காட்டுகிறவளுக்கு
வீட்டில் ஒரு நிறமும் தெரியப்போவதில்லை
என்பது அங்கே வைத்துத்தான் உறைத்தது.

அவள் பின்பக்கம் போய்
முழங்கால் உயரத்தில் அடுக்கு நந்தியாவட்டை கொண்டுவந்தாள்.
"இருட்டுல தெரியும்."
அவ்வளவுதான் சொன்னாள்.
மூன்று எடுத்தேன்.
நூற்றிருபதை நூறாக்கினேன்.

இறக்கத்தில் காது அடைத்துத் திறந்தது.
பதினோராவது வளைவில் வெயில் எங்களோடு சேர்ந்துகொண்டது.
அப்போதுதான் பார்த்தேன்,
அங்கமுத்துவின் கால்களுக்கு நடுவே
செய்தித்தாளில் சுற்றிய சின்ன ஹைட்ரேஞ்சியா.
"சாகட்டுமே" என்றார் திரும்பாமல்.
"ஒரு தடவ பூத்துட்டுச் சாகட்டும்."

இப்போது பங்குனி.
அது பூத்தது. பாதி நீலம், பாதி ரோஸ்,
தண்ணீரில் சாயம் இறங்கிய பட்டு மாதிரி.
கடையில் என்றால் டேமேஜ் என்று ஒதுக்குவோம்.
தினமும் அதற்குக் காப்பி வண்டல் கொட்டுகிறார்,
யாரோ சொன்னார்களாம்.
நந்தியாவட்டையில் இரண்டு பிடித்தது. ஒன்று பிடிக்கவில்லை.

கேட்டைத் திறக்கிறேன்.
விளக்கு போடுவதற்கு முன்பே
இடுப்புயரத்தில் வெள்ளை வெள்ளையாக.
செருப்பைக் கழற்றி
நின்று நின்று வீங்கிய பாதத்தை மண்ணில் வைக்கிறேன்.
காய்ந்திருக்கிறது.
மோட்டார் போடுகிறேன்,
இன்றைக்கு இரண்டாவது தடவை.