எடை

வள்ளத்தை முதலில் தெர்மோகோலில்தான் செய்தேன்.
பத்தாம் திருவிழா நாடகம், மூன்றாம் காட்சி,
கடியபட்டணத்தில் மேடை.
ரெண்டு பையன்கள் சிரித்துக்கொண்டே
தூக்கி வந்துவிடுகிற வள்ளம்.

ஒத்திகை பார்க்க வந்த ததேயு
அணியத்தை விரலால் சுண்டினார்.
"இது எந்தக் கடலுக்கு?"
பன்னிரண்டடிக் கடல் அண்ணே, என்றேன்,
நீலத்துணி, பக்கத்துக்கு ஒருத்தர் நின்று ஆட்டுவார்.
"அப்பம் சரி." பீடியைப் பற்றவைத்தார்.
"ஆனா பாக்க வாறவன் எல்லாம்
நெசத்துல தள்ளுனவனாக்கும்."

அன்றிரவே அடியில் பலகை அறைந்து
நான்கு சாக்கு கடல்மணல் ஏற்றினேன்.
மறுநாள் வள்ளம் தள்ளிய பையன்களுக்கு
தோள்பட்டை தானாக நடித்தது.

அதன்பிறகு எதைக் கண்டாலும் தூக்கிப் பார்த்தேன்.
துபாயிலிருந்து வருகிற மாப்பிள்ளையின் பெட்டி
காற்றாக வந்தது கையோடு.
இந்த ஊரில் அதை எவர் நம்புவார்?
ஆறு செங்கல், துருப்பிடித்த கார் ஜாக்கி ஒன்று.
துணிக் குழந்தைக்குள் அரிசி,
மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைய.
"தலைப் பக்கம் கூட்டி வையுங்க" என்றாள்
தாயாக நடிக்கும் ஜெனோவா.
அவளுக்கு ரெண்டு பிள்ளைகள்.

கடிதம் மட்டும் மிச்சம்.
தூரத்தில் இருப்பவருக்கு வெற்றுத்தாள் போதாதா?
"எழுத்து இல்லேன்னா கண்ணு எங்க ஓடும்?" என்றாள்.
தோன்றியதை எழுதிக் கொடுத்தேன்:
ரெண்டிஞ்சு ஆணி அரைக்கிலோ
மைதா ஒண்ணு
காவிப்பொடி
கெட்டுக்கம்பி
வடசேரிக் கடையில் பாக்கி நூற்றெண்பது.

திருவிழா இரவு மைக் கரகரத்தது.
கடல் ஓர் ஆணியில் மாட்டி
ஒரு முழம் கிழிந்தது.
யாரும் பார்க்கவில்லை;
அவள் கடிதத்தைப் பிரித்திருந்தாள்.
மூன்றாம் வரியில் உதடு கோணியது.
நான்காவதில் தாள் நடுங்கியது.
முன்வரிசைப் பெண்கள்
சேலை முனையை எடுத்தார்கள்.
திரைக்கயிற்றைப் பிடித்தபடி நான்
காவிப்பொடிக்கும் கெட்டுக்கம்பிக்கும்
ஓர் ஊர் அழுவதைப் பார்த்து நின்றேன்.
எனக்கும் தொண்டை அடைத்தது,
எழுதியவன் நான்தான் என்று தெரிந்தும்.

விடிந்து வள்ளத்தைப் பிரித்தோம்.
மணலைக் கரையிலேயே கொட்டினோம்.
செங்கல் கோயில் மதிலுக்கு. அரிசி,
யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

டெம்போ கிளம்பும்போது ஜெனோவா
ஓடிவந்து கடிதத்தைக் கொடுத்தாள்.
முனை நனைந்து, மடிப்பில் கிழிந்து.
கடைசி வரிக்குக் கீழே
பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தாள்:
கொடுத்தாச்சா?