ஆறு நிமிடம்

சூப்பிப் போத்தல் நாலு,
மூடி நாலு, ரப்பர் நாலு,
இடுக்கி ஒன்று.
எல்லாம் மூழ்கத் தண்ணீர் விட்டு
குமிழி வந்த பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும்.
ஆறு நிமிடம்.
ஐந்து போதும் என்று பெட்டியில் போட்டிருந்தது.
மற்றது என் பயத்துக்கு.

வெள்ளவத்தை, நாலாம் மாடி.
குசினி யன்னலைத் திறந்தால்
காலி வீதிப் புகையும் கடலின் உப்பும்
சேர்ந்து வந்து கழுவின தட்டில் குந்தும்.
அதை எந்தச் சட்டியில் போடுவது?

முப்பத்தொரு கிழமையில் பிறந்தவன்.
ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள்
ஒரு கிலோ முந்நூற்றித் தொண்ணூறு.
நானூறு கிராம் பால்மாப் பக்கற்றில் மூன்றரை வராது என்று
நூற்றொராம் இலக்க பஸ்ஸுக்குள் கணக்குப் பார்த்தேன்.
தாதி முழங்கை வரை கழுவச் சொன்னா.
கழுவினேன்.
கழுவின கையைப் பெட்டிக்குள் விட
முதல் பதினெட்டு நாள் விடவில்லை.
நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடி
இரண்டு சுத்தமான கை,
வேலையில்லாமல்.

யசோதினிக்குப் பால் வற்றின மாதம்
அந்தக் கைக்கு வேலை கிடைத்தது.
காஸ் விலை ஏறியது. ஏறட்டும்.
சோறு ரைஸ் குக்கரில், பருப்பும் அதிலேயே.
சிலிண்டர் அவனுடையது.

இப்ப பத்து மாதம்.
தவழ்ந்து லிஃப்ட் வாசல் மட்டும் போகிறான்.
பக்கத்து வீட்டு ரிஸ்மியாவின் பாட்டாச் செருப்பை
நக்கிப் பார்க்கிறான்
உப்புச் சரியோ என்கிற மாதிரி.
தண்டவாளம் தாண்டிக் கடற்கரையில் இறக்கி விட்டால்
ஒரு பிடி மணல், நேரே வாய்க்குள்.
விரல் விட்டுத் தோண்டினேன்.
கடித்தான். இரண்டு பல்.
அன்றிரவு மூன்று தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.
நெற்றி, நெற்றி மாதிரியே இருந்தது.
எழும்பிப் போய்ப் போத்தல் கொதிக்க வைத்தேன்.

"செருப்பையும் சட்டிக்குள்ள போடுங்கோவன்"
என்றாள் யசோதினி
நித்திரைக்குள்ளிருந்து.

கிளினிக்கில் மிட்வைஃப் குசுமலதா
நிறை அட்டையின் கோட்டை விரலால் தடவிக்கொண்டு போய்
சிங்களத்தில் கேட்டா:
இன்னமும் அவிக்கிறீங்களா?
அவிக்கிறது என்றுதான் கேட்டா, கிழங்கை மாதிரி.
சோப், பிரஷ், சுடுதண்ணி. போதும் மாத்தயா.
தலையாட்டினேன்.
தலையாட்டுகிறவனுக்கும் சட்டி வைக்கிறவனுக்கும்
என் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

போன புதன்கிழமை, மூன்றாம் நிமிடத்தில்
நீலம் சுருங்கி
ஒரு சின்ன இருமலோடு நெருப்பு நின்றது.
இரவு பதினொன்றரை. கடை பூட்டு.
அவன் எழும்பி விட்டான்.
மூன்று நிமிடப் போத்தல்.
இது சுத்தமா, ஊத்தையா?
அவன் அழுகிற அழுகைக்குள்
யோசிக்க இடம் இருக்கவில்லை.
பிளாஸ்கில் ஆறின தண்ணியில் மாவைக் கலக்கி
குலுக்கி
கொடுத்தேன்.

குடித்தான்.
என் வயிற்றில் காலால் உதைத்து உதைத்து
வெறும் காற்று உறிஞ்சுகிற சத்தம் வரும் வரை.
கீழே எங்கோ முச்சக்கரவண்டி ஒன்று
ஸ்டார்ட் ஆகாமல் முனகிக்கொண்டிருந்தது.
விடியும் வரை நான் இருந்தேன்.
அவன் படுத்தான்.

மறுநாள் புதுச் சிலிண்டர் வந்தது.
பூட்டி, சவர்க்கார நுரை தடவி ஒழுக்குப் பார்த்தேன்.
சட்டியை எடுத்தேன். திரும்ப வைத்தேன்.
பிரஷால் தேய்த்து அலசின போத்தல் நாலையும்
தட்டில் கவிழ்த்து விட்டு
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்,
ஆரோ கூப்பிடுவார்கள் என்கிற மாதிரி.

இன்றைக்குச் சட்டியில் முட்டை.
என் இரண்டு கையிலும் அவன்,
செருப்பு நக்கின வாயால் என் சேர்ட் பொத்தானைச் சப்பிக்கொண்டு.
எத்தனை நிமிடம், என்கிறாள் யசோதினி.
ஆறு, என்கிறேன், வாய்ப்பழக்கத்தில்.
"விசரே? மஞ்சள் கரு பிள்ளைக்கு.
பன்னிரண்டு விடுங்கோ."

அடுப்படியில் நின்று
மணிக்கூட்டைப் பார்க்கிறாள்.