ஓநாய்க்குக் கால் வைத்தல்

லெமிங்டனில், டயர் கடைக்கும்
பூனைத்தீனிக் கிடங்குக்கும் நடுவில்
ஜன்னல் இல்லாத ஒரு கூடம்.
செவ்வாய்தோறும் அங்கே நான் ஓநாய்.

வேலைக்கு எடுக்கும்போது கேட்டது ஒன்றுதான்:
நாலு காலில் எவ்வளவு நேரம் தாங்குவீர்கள்?
நாற்பது நிமிடம் என்றேன். பொய்.
பழகிவிட்டது.

உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பு,
அதன்மேல் ஐம்பத்துமூன்று வெள்ளைப் புள்ளிகள்.
கூரையில் இருக்கும் கேமராக்களுக்கு
என் முகம் வேண்டாம்,
முட்டி வேண்டும், முதுகு வேண்டும்.
நம் ஆட்கள் கதைக்குக் கண் காது மூக்கு வைப்பார்கள்.
இவர்கள் என்னை வாடகைக்கு எடுத்துக்
கால் வைக்கிறார்கள்.

காடு என்பது தரையில் ஒட்டிய பச்சை டேப்.
குடிசை நாலு அலுமினியக் குழாய்.
கதவு மட்டும் நிஜக் கதவு.
தட்டுகிற கை எதன்மேலாவது பட வேண்டும் என்று
இடிக்கிற வீடொன்றிலிருந்து
இமோஜன் கழற்றி வந்தது.
கடிதம் போடும் வாயோடு,
பித்தளையில் எண் பதினேழு.

“மறுபடியும்,” என்பாள் இமோஜன்.
தட்டுவேன்.
“பசி போதவில்லை. மறுபடியும்.”
தட்டுவேன்.
மூன்று தட்டு, ஒரு மூச்சு, இன்னொரு தட்டு.
அதுதான் கடைசியில் தேறியது.

கதை எழுதும் ரோட்ரி ஒருநாள்
பதினொரு பக்கம் கொண்டுவந்தான்.
ஓநாய்க்கு ஒரு குழந்தைப் பருவம்.
தாயைச் சுட்ட வேட்டைக்காரன். பனி.
இடது காதில் ஆறாத தழும்பு.
இந்தக் காலத்துக்கு
வெறும் பசி எடுபடாதாம், காரணம் வேண்டுமாம்.
நன்றாகத்தான் எழுதியிருந்தான்.
எனக்கே தொண்டை அடைத்தது.
டேப் ஒட்டிய பனியில் கிடந்து ஊளையிட்டேன்.
டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து
நாய் ஏதும் அடிபட்டதா என்று கேட்டுப்போனார்.

சனிக்கிழமை, விளையாடிப் பார்க்கப்
பதினாறு பிள்ளைகளை வரவழைத்தார்கள்.
கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள்.
திரையில் தாய் விழுந்தாள், பனி விழுந்தது,
பதினாறு கட்டைவிரலும்
ஒரே பொத்தானில் விழுந்தன.
தாண்டு. தாண்டு. தாண்டு.
ரோட்ரி தன் காபிக் கோப்பைக்குள் பார்த்தான்.

கதவு வந்தது.
ஒரு விரலும் அசையவில்லை.
என் கை, என் கையாக இல்லாமல், ரோமம் முளைத்துத் தட்டியது.
முன்பல் விழுந்த ஒருத்தி
இரண்டு காலையும் நாற்காலிமேல் ஏற்றிக்கொண்டாள்,
தரையில் விட்டால் யாரோ பிடித்துவிடுவார்கள்போல.
தப்பித்தாள்.
தப்பித்த கையோடு முதலிலிருந்து தொடங்கினாள்.

“என்ன ஆகும் என்று தெரியுமே?”
குறிப்பெடுப்பவர் கேட்டார்.
“எனக்குத் தெரியும்,” என்றாள்.
“அதுக்குத் தெரியாதே.”

ஏழாம் முறை வேண்டுமென்றே தாழைத் திறந்துவிட்டாள்.
அந்த வாய்க்குள் இருக்கும் இருட்டை
ஒருவர் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்திருந்தார்.
“உள்ளே ஒண்ணுமே இல்லை,” என்றாள், ஏமாந்து.

எனக்கு அந்த அரக்கன் ஞாபகம் வந்தான்,
ஏழு கடல் ஏழு மலை தாண்டிக்
கிளிக்குள் உயிரை வைத்தவன்.
ஏனடா ஒளித்தாய், யார் உன்னை நோகடித்தது
என்று எவரும் அவனைக் கேட்டதில்லை.
கிளி எங்கே, அதுதான் எங்களுக்கு வேண்டும்.
கழுத்தைத் திருகும் இடத்தில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
மறுநாளும் அதே கிளி, அதே கழுத்து.

பதினொரு பக்கத்தையும் எடுத்துவிட்டார்கள்.
தழும்பு மட்டும் காதில் தங்கிவிட்டது,
காரணம் சொல்ல ஆளில்லாமல்.

ஆறு ஐம்பத்திரண்டு ரயில்.
கவென்ட்ரியில் இறங்கும்போது மழை.
முழங்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி
உரிக்க மறந்து ஒட்டியிருந்தது.
சாவியையும் மறந்திருந்தேன்.

மூன்று தட்டு, ஒரு மூச்சு, இன்னொரு தட்டு.

உள்ளே டிவி அமர்ந்தது.
செருப்புச் சத்தம் பாதி நடையில் நின்றது.
“யாரு?”
ஜெயசீலனோடு பதினான்கு வருடம்.
இப்படியொரு குரல் அவரிடம் இருந்தது
எனக்குத் தெரியாது.

நான்தான் என்று சொன்னால் முடிந்தது.
நல்ல பசி வேறு.
சொல்லவில்லை, கொஞ்ச நேரம்.