சேதாரம்

புதன் இரவு ஏழரை.
ஊபியில் கார் பட்டறைகளுக்கு மேலே மூன்றாம் மாடி.
எட்டு மேசை, எட்டுத் தோல் ஏப்ரன்.
பக்கத்தில் பல் மருத்துவர் ரோஸ்லினா.
எதிரே மிஸ்டர் க்வெக்:
வீட்டில் நீச்சல் வகுப்பு என்று சொல்லியிருக்கிறார்,
போகும்போது குழாயில் தலையை நனைத்துக்கொள்வார்.

என்ன வேலை என்று கேட்டார்கள்.
அடகுக்கடை என்றேன். சிராங்கூன் சாலை, பதினாறு வருடம்.
"அப்படியென்றால் உங்களுக்கு எல்லாம் தெரியுமே!"

தெரியும்.
உரைகல்லில் ஓர் இழுப்பில் மாற்று சொல்வேன்.
கல் எவ்வளவு, அரக்கு எவ்வளவு,
கழித்தது போக எவ்வளவு என்பதை
நிமிர்ந்து பார்க்காமலே சொல்வேன்.

ஆனால் இந்த வாள்,
தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன்.
முதல் நாளே ஒன்பது உடைத்தேன்.
"அழுத்தாதீங்க ஆன்ட்டி, அது பாட்டுக்கு அறுக்கும்"
என்றாள் வென் சுவான், ஆசிரியை,
என் வயதில் பாதி.

நான்காம் வாரம் பற்றவைப்பு.
வெங்காரம் தடவி, துணுக்கை வைத்து,
சுடரை வட்டமாய் ஆட்டவேண்டும்.
துணுக்குக்கு அவர்கள் சொல்வது சோல்டர்.
நம்மிடம் பொடி.
பொடிவைத்துப் பேசுகிறவள் என்று வீட்டில் எனக்குப் பெயர்;
நிஜப் பொடியை அன்றுதான் பார்த்தேன்.

உருண்டு ஓடியது.
இரண்டாம் முறையும்.
"விளக்குக்கு நேரே பிடிங்க."
பிடித்தேன். இணைப்பில் மயிரிழை வெளிச்சம்.
"இது இடைவெளியை நிரப்பாது ஆன்ட்டி.
தொட்டுக்கிட்டு இருக்கிறதைத்தான் ஒட்டும்."

அறுத்து, ராவி, மறுபடி வளைத்து,
மூன்றாம் முறை
ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று ஓடி நின்றது.
யாரோ கைதட்டினார்கள். க்வெக்காக இருக்கும்.

மறுநாள் கடையில் ஆளில்லாத நேரம்
தராசில் வைத்தேன்.
எடுத்த வெள்ளி ஆறு கிராம். மோதிரம் ஐந்தரை.
மீதி
ஏப்ரன் மடிப்பில், நகக்கண்ணில்,
ரயிலில் நான் பிடித்துவந்த கம்பியில்.
சேதாரம்.
ரசீதுகளில் எத்தனை ஆயிரம் முறை படித்த சொல்.

"வெள்ளி நாம எடுக்கறதில்லையே" என்றான் தில்லைநாதன்.
வைப்பது யார், என்றேன்.

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள்.
சோப்புப் போட்டுக் கழற்றிய வளையல்,
மணிக்கட்டு இன்னும் சிவந்திருந்தது.
தராசுக்குப் போன கை நின்றுவிட்டது.
லென்ஸைக் கண்ணில் வைத்து
வளையலைச் சுற்றிச் சுற்றித் தேடினேன்
பற்றிய இடத்தை.
கிடைக்கவில்லை.
எந்தக் கையோ.

"ஏதாவது குறையா அக்கா?"
இல்லை என்றேன்.
அப்புறம்தான் எடை போட்டேன்.